உங்க தமிழை போன் எப்படிப் படிக்குது? சொல்லுக்குச் சொல் ஒரு கயிறு

(கொல்லிமலை, திருப்புலி நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுவினர், மாணவர்கள், இளைஞர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கேன். தலை இன்னும் லேசா சுத்துது. அதனால கொஞ்சம் மெதுவாவே பேசுறேன்.

முதல்ல ஒரு கேள்வி. உங்கள்ல எத்தனை பேர் போன்ல மைக்கை அழுத்தி, பேசியே டைப் பண்றீங்க? கையைத் தூக்குங்க. பரவாயில்லையே, பாதிக்கு மேல இருக்கீங்க! சரி, போன் எழுதினதை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்க்கிறவங்க எத்தனை பேர்? ஒண்ணு, ரெண்டு, மூணு… அவ்வளவுதான். நானும் ஒரு காலத்துல கை தூக்காத கட்சிதான். ஒரு சம்பவம் என்னை மாத்துச்சு.

அரசுத் திட்டங்களால பயன்பெற்றவங்களைப் பத்தி எழுதுறது என் வேலை. ஒரு அக்காகிட்ட பேசிட்டிருந்தேன். குறிப்பு எடுக்கச் சோம்பல்பட்டு, ஒரு செயலியில குரலைப் பதிவு பண்ணி எழுத்தா மாத்திக்கிட்டேன். படுத்த படுக்கையா இருக்கிற தாயாரைப் பல வருஷமா கவனிச்சுக்கிறவங்க அவங்க. அவங்க சொன்னது: "அம்மாவ பாத்துக்கிற பொண்ணு நான்தான்." செயலி எழுதினது: "அம்மா பார்த்துக்கிற பொண்ணு நான்தான்."

ஒரே ஒரு 'வ' காணாமப் போச்சு. தாயைத் தாங்குற மகள், தாய் தாங்குற மகளா ஆயிட்டாங்க. நானும் கவனிக்காம அப்படியே கட்டுரையை எழுதி முடிச்சேன். வெளியாகறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் படிச்சுக் காட்டினதால தப்பிச்சேன். "தம்பி, எங்கம்மா என்னைப் பாத்துக்கலப்பா, நான்தான் அவங்களப் பாத்துக்கிறேன்"னு அமைதியாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் முகத்துல ஈயாடல.

அதே வரி ஒரு உதவித்தொகை மனுவுல போயிருந்தா? யாரு யாரைப் பார்த்துக்கிறாங்கங்கிறதுலதான் மொத்த மனுவும் நிக்குது. அதனால இன்னைக்கு ஒரே விஷயம் சொல்ல வந்திருக்கேன். நாம எழுதுற வாக்கியத்தைக் கம்ப்யூட்டர் எப்படிப் புரிஞ்சுக்குது, அது எங்க தடுமாறும், நாம என்ன செய்யணும்?

கயிறு விளையாட்டு

பள்ளிப் பிள்ளைங்க அஞ்சு பேர் முன்னால வாங்க. ஆளுக்கு ஒரு அட்டை. இப்போ வரிசையா நிக்குறது: "நேற்று – காய்ந்த – மிளகை – மணி – விற்றான்."

ஆளுக்கு ஒரு கயிறு தர்றேன். விதி ஒண்ணுதான். நீங்க எந்தச் சொல்லுக்காக இந்த வாக்கியத்துல வந்திருக்கீங்களோ, அந்தச் சொல்லோட கையில கயித்தைக் கொடுங்க. 'மணி' எதுக்கு வந்தார்? விற்க வந்தார். கயிறு 'விற்றான்' கைக்குப் போகுது. 'மிளகை'? அதுவும் 'விற்றான்' கைக்குத்தான். 'காய்ந்த'? எது காய்ந்தது, மிளகு. அந்தக் கயிறு 'மிளகை' கைக்கு.

'விற்றான்' மட்டும் யாருக்கும் கயிறு தர வேண்டாம். வாக்கியம் அங்க முடியுது. அதுதான் வேர்.

இப்போ 'நேற்று' தம்பி, உன் கயிறு எங்க? பாருங்க, முழிக்கிறான்! முழிக்க வேண்டியதுதான். நேற்றுக் காய்ந்த மிளகா? இல்ல, மிளகு எப்பவோ காய்ஞ்சது, நேற்று விற்றானா? ரெண்டு பக்கமும் கயிறு போகலாம். எழுதினவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, இடம் மாறி நில்லுங்க. கயித்தை விடாதீங்க. "மணி காய்ந்த மிளகை நேற்று விற்றான்." எந்தக் கயிறும் அறுந்து போகல. 'நேற்று' மட்டும் 'விற்றான்' பக்கத்துல வந்ததும், அவனோட குழப்பம் தீர்ந்துருச்சு. தமிழ்ல சொற்கள் இடம் மாறி நிக்கலாம், உறவு மாறாது. ஆனா எல்லாரும் எங்க வேணா நிக்க முடியாது. 'காய்ந்த' கொஞ்சம் தள்ளி மணிக்கு முன்னால போய் நில்லு. "காய்ந்த மணி!" பாருங்க, மணியையே வத்தலாக்கிட்டோம்.

நன்றி, உட்காருங்க. நீங்க இப்போ செஞ்சதுக்குக் கணினி மொழியியல்ல 'சார்பு இலக்கணம்'னு பேர். சொற்கள் புள்ளிகள், கயிறுகள் கோடுகள். புள்ளியும் கோடும் சேர்ந்த படத்தைக் கணக்குப் பாடத்துல 'கோட்டுரு'ம்பாங்க. கம்ப்யூட்டருக்குள்ள கயிறு இல்ல, எண்தான். "மணி மிளகை விற்றான்" என்பதை அது இப்படி எழுதி வெச்சுக்கும்:

1 – மணி – 3 – எழுவாய்
2 – மிளகை – 3 – செயப்படுபொருள்
3 – விற்றான் – 0 – வேர்

முதல் சொல்லின் கயிறு மூன்றாம் சொல்லுக்கு, இரண்டாம் சொல்லின் கயிறும் மூன்றாம் சொல்லுக்கு. மூன்றாம் சொல்லுக்கு மேல யாரும் இல்லை, அதனால சுழியம். இவ்வளவுதான் சூட்சுமம்.

கயிற்றுக்குப் பெயரும் வேணும்

கடைசியில இருக்கிற 'எழுவாய்', 'செயப்படுபொருள்' எதுக்கு? அந்த அக்கா சொன்ன வரிக்கே போவோம். "அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்", "அம்மா பார்த்துக்கொள்ளும் மகள்." ரெண்டுக்கும் கயிறு கட்டிப் பாருங்க. அம்மா கயிறு 'பார்த்துக்கொள்ளும்' கைக்கு. 'பார்த்துக்கொள்ளும்' கயிறு 'மகள்' கைக்கு. ரெண்டு படமும் அச்சு அசலா ஒண்ணுதான்!

வித்தியாசம் கயித்து மேல ஒட்டியிருக்கிற பெயர்ல மட்டும்தான் இருக்கு. ஒண்ணுல அம்மா செயப்படுபொருள், இன்னொண்ணுல எழுவாய். அந்தப் பெயரைச் சொல்றது இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'. பேச்சுல அது 'வ'ன்னு தேய்ஞ்சு போகும். காத்து அடிச்சா, நெட்வொர்க் விட்டா, பக்கத்துல ஆடு கத்தினா, முதல்ல தொலையிறது அந்த 'வ'தான்.

இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. "பட்டா வாங்கினேன்"னு சொல்றோம். 'பட்டாவை'ன்னு சொல்றதே இல்ல. அஃறிணைப் பொருளுக்கு 'ஐ' இல்லாமலும் வரும். 'நான்'ங்கிற சொல்லும் அங்க இல்ல, 'ஏன்' விகுதிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. உருபு இல்லாததால பட்டாவே எழுவாய்னு மெஷின் நினைச்சுடக் கூடாது. விகுதியைப் பார்த்து, 'வாங்கினது நான், வாங்கப்பட்டது பட்டா'ன்னு அது கண்டுபிடிக்கணும்.

இது நமக்குப் புதுசில்ல

வினைச்சொல்லை உச்சியில வெச்சு, மத்த சொற்களை அதுக்குக் கீழ தொங்கவிட்டுப் படம் போடுற முறையை நவீன காலத்தில் விரிவாக எழுதியவர் லூசியன் தெனியே என்ற பிரெஞ்சு மொழியியலாளர். அவர் இறந்த பிறகு 1959-ல் அந்தப் புத்தகம் வந்தது. நம்ம நாட்டுல ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பாணினியின் காரக இலக்கணத்தை அடிப்படையா வெச்சு, இந்திய மொழிகளுக்குன்னு ஒரு முறையை உருவாக்கினாங்க.

ஆனா நம்ம இலக்கண வகுப்பை ஞாபகப்படுத்திப் பாருங்க. பெயரெச்சம், வினையெச்சம். மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். 'எச்சம்'னா என்ன? மிச்சம் இருக்கிறது, முடியாம நிக்கிறது. 'காய்ந்த'ன்னு சொல்லி நிறுத்தினா, "எது காய்ந்த?"ன்னு கேட்கத் தோணும். அது ஒரு பெயருக்காகக் கையை நீட்டிக்கிட்டு நிக்குது. 'காய்ந்து'ன்னு நிறுத்தினா ஒரு வினைக்காகக் கையை நீட்டுது. 'பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும்' என்று வாத்தியார் சொன்னாரே, அந்தக் 'கொண்டு முடிதல்'தான் நம்ம கயிறு. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்குத் தனி இயல் உண்டு, எச்சத்தின் பெயரிலும் ஓர் இயல் உண்டு. பரீட்சைக்குப் படிச்ச பாடம், இன்னைக்கு மெஷினுக்கும் பாடம்.

ஓரியின் அம்பு

இந்த மலையில நின்னுக்கிட்டு வல்வில் ஓரியைச் சொல்லாமப் போனா நீங்க என்னைக் கீழ இறங்க விடமாட்டீங்க. செம்மேட்டுல சிலையா நிக்கிற ஓரி, ஒரே அம்பால அஞ்சு விலங்கை வீழ்த்தின கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புறநானூற்றில் வன்பரணர் பாடினது. அதை இன்னைய தமிழ்ல என் வார்த்தையில ஒரே வாக்கியமா சொல்றேன்:

"ஓரி எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானைச் சாய்த்து, பன்றியை உருட்டி, உடும்பில் தைத்தது."

இதுக்குக் கயிறு கட்டுங்க. 'தைத்தது' வேர். வீழ்த்தி, கொன்று, சாய்த்து, உருட்டி நாலும் வினையெச்சம். நாலு கயிறும் 'தைத்தது' கைக்கு. 'அம்பு' எழுவாய், அதுவும் 'தைத்தது' கைக்கு.

இப்போ மெஷின்கிட்ட கேளுங்க, "யானையை வீழ்த்தினது எது?" 'வீழ்த்தி' கையில யானையோட கயிறு இருக்கு, அம்போட கயிறு இல்ல. ஒரு சொல்லுக்கு ஒரு கயிறுதான்னு விதி போட்டுட்டோமே! அதனால ஆய்வாளர்கள் ரெண்டாவது அடுக்கா இன்னும் சில கயிறுகளைச் சேர்க்கிறாங்க. அம்பிலிருந்து வீழ்த்தி, கொன்று, சாய்த்து, உருட்டி எல்லாத்துக்கும் ஒவ்வொரு கயிறு. ஒத்தை வேர்ல இருந்து கிளை விடுற மரமா இருந்த படம், இப்போ வலையாகுது. யார் எதைச் செஞ்சாங்கன்னு கேட்டா அந்த வலைதான் பதில் சொல்லும்.

தமிழுக்கு இது ரொம்ப முக்கியம். நாம பேசுறதே அப்படித்தானே! "காலையில எந்திரிச்சு, மாட்டை அவுத்துவிட்டு, கஞ்சி குடிச்சு, காட்டுக்குப் போயி…"ன்னு பத்து எச்சம் கோத்து, கடைசியில ஒரு வினையில முடிப்போம்.

அதே வாக்கியத்துல 'எய்த'ங்கிற சொல்லைப் பாருங்க. 'அம்பு எய்த'ன்னா எய்தல். 'வெற்றி எய்த'ன்னா அடைய. எழுத்து ஒண்ணு, சொல் ரெண்டு. முதலாவது பெயருக்குக் கை நீட்டுது, இரண்டாவது வினைக்குக் கை நீட்டுது. 'வரும்'கிறதும் அப்படித்தான். "பேருந்து வரும்"னா வாக்கியம் முடிஞ்சது. "வரும் பேருந்து"ன்னா முடியல.

பத்துச் சொல், நூறு கோடி வழி

ஒரு வாக்கியத்துல எத்தனை விதமா கயிறு கட்டலாம்? மூணு சொல்லுக்கு 9 விதம். அஞ்சு சொல்லுக்கு 625. பத்துச் சொல்லுக்கு 100 கோடி! அதுல பெரும்பாலும் ஒண்ணுதான் நீங்க நினைச்சது. நாம யோசிக்காமலே அதைப் பிடிச்சுடுறோம். மெஷின் ஒவ்வொரு ஜோடிச் சொல்லுக்கும் 'இந்தக் கயிறுக்கு வாய்ப்பு எவ்வளவு'ன்னு மதிப்பெண் போட்டு, மொத்த மதிப்பெண் அதிகம் வர்ற படத்தைத் தேர்ந்தெடுக்குது.

மதிப்பெண் போட அதுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கணும். மனுஷங்க உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமா கயிறு கட்டிக் காட்டணும். அந்தத் தொகுப்புக்கு 'மரவங்கி'ன்னு பேர். ஆங்கிலப் பேரை அப்படியே தமிழாக்கினது.

தமிழுக்கு அப்படி ஒண்ணு முதல்ல உருவான இடங்கள்ல ஒண்ணு எது தெரியுமா? செக் நாட்டோட பிராக் நகரம். அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமியும் ஸ்டெனெக் ஜாபோக்ர்ட்ஸ்கியும் சேர்ந்து, தினமணி நாளிதழ்ச் செய்திகளில் இருந்து 600 வாக்கியங்களை எடுத்துக் கயிறு கட்டினாங்க. 2011, 2012 வாக்கில் வெளியானது. பிற்பாடு நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளை ஒரே மாதிரி குறிக்கும் உலகளாவிய தொகுப்பில் அது இடம் பிடிச்சது. அதன் பிறகு பரமேஸ்வரி கிருஷ்ணமூர்த்தியும் இலங்கையைச் சேர்ந்த சர்வேஸ்வரனும், தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு 534 வாக்கியங்கள் சேர்த்தாங்க.

ரெண்டையும் கூட்டினா 1,134. அதே உலகத் தொகுப்புல இந்திக்கு ஒரே மரவங்கியில 16,000-க்கு மேல. செக் மொழிக்கு ஒரே மரவங்கியில 87,000-க்கு மேல. செக் மொழி பேசுறவங்க ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். தமிழ் பேசுறவங்க ஏழு கோடிக்கு மேல.

இதோட விளைவு என்ன? 2020-ல் சர்வேஸ்வரனும் கிகான் டயஸும் தமிழ் வாக்கியத்துக்குக் கயிறு கட்டுற ஒரு கருவியை வெளியிட்டாங்க. தமிழ் வாக்கியங்கள் போதாததால, பிற மொழி வாக்கியங்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி இருந்த கருவிகளைவிட அது நல்லா செஞ்சது. அப்படியும், 100 கயித்துல சுமார் 62-தான் சரியான கைக்கும் போய், சரியான பெயரோடவும் இருந்தது. இது அவங்க குறை இல்ல. பாடப்புத்தகம் அவ்வளவு மெலிசு.

அந்த மெலிசான புத்தகத்திலும் இருக்கிறது செய்தித்தாள் தமிழும் இலக்கணப் புத்தகத் தமிழும்தான். "பாத்துக்கிற பொண்ணு" மாதிரி நம்ம வாய்ப்பேச்சுக்கு அதுல பாடம் இல்ல.

"இப்பத்தான் எதைக் கேட்டாலும் பதில் சொல்ற ஏ.ஐ. வந்துருச்சே"ன்னு முன்வரிசையில ஒரு தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. இந்தப் புது மாதிரிகளுக்கு யாரும் வாக்கியம் வாக்கியமா கயிறு கட்டிக் காட்டறது இல்ல. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிச்சு அதுவா கத்துக்குது. 2019-ல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் அப்படி ஒரு மாதிரிக்குள்ள தேடிப் பார்த்தப்போ, யாரும் சொல்லிக் கொடுக்காமலே இந்த மர வடிவம் உள்ள ஒளிஞ்சிருந்தது தெரிஞ்சது. ஆனா அதுவா கத்துக்கணும்னா படிக்கப் பக்கம் வேணும். ஆங்கிலத்துக்குக் கடல் அளவு இருக்கு. எழுத்துத் தமிழுக்கு ஏரி அளவு. மலைமேல பேசுற தமிழுக்கு ஒரு சுனை அளவாவது இருக்கா? அது கத்துக்கிட்டது சரியான்னு சோதிக்கவும், மனுஷர் கட்டின கயிறுதான் அளவுகோல்.

சரி, நாம என்ன செய்யணும்?

மெஷின் திருந்துற வரைக்கும் காத்திருக்க முடியாது. நாலு பழக்கம் சொல்றேன். நீங்க போன்ல அடிச்சாலும், இ-சேவை மையத்துல சொல்லி அடிக்க வெச்சாலும் உதவும். மெஷினுக்கு மட்டுமில்ல, மனுவைப் படிக்கிற அலுவலருக்கும் இது நல்லது.

ஒண்ணு: யார், யாரை? குரல்ல டைப் பண்ணி முடிச்சதும் ஆள் பெயர், உறவுப் பெயர் வர்ற இடத்தை மட்டுமாவது படிங்க. 'அம்மாவை', 'அண்ணனுக்கு', 'மாமாவிடம்' என்று உருபு முழுசா இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கையால சேர்த்துடுங்க.

ரெண்டு: தேதியை அதோட வேலைக்குப் பக்கத்துல வைங்க. "ஜூன் மாதம் அளந்த நிலத்துக்குப் பட்டா மாறுதல் கேட்டு மனு கொடுத்தேன்." ஜூன்ல அளந்தாங்களா, ஜூன்ல மனு கொடுத்தீங்களா? எத்தனை நாளா மனு நிலுவையில இருக்குன்னு கணக்குப் போடும்போது இது பெரிய வித்தியாசம். "நிலத்தை ஜூன் மாதம் அளந்தார்கள். பட்டா மாறுதல் கேட்டு ஆகஸ்ட் மாதம் மனு கொடுத்தேன்" என்று எழுதினால் எந்தக் கயிறும் தடுமாறாது.

மூணு: பத்து எச்சத்தை ஒரே வாக்கியத்துல கோக்காதீங்க. பேசும்போது அழகு, மனுவுல ஆபத்து. ரெண்டு வேலைக்கு ஒரு முற்றுப்புள்ளி. பத்துச் சொல்லுக்கு 100 கோடி வழின்னு சொன்னேனே, அதையே அஞ்சு அஞ்சா உடைச்சா 625, 625-தான்.

நாலு: 'நான்', 'என் கணவர்', 'என் தந்தை'ன்னு செஞ்சவரை வெளிப்படையா எழுதுங்க. "கொடுத்தார், வாங்கினார், போனார்"னு மட்டும் இருந்தா யாருன்னு மெஷினும் தேடும், அலுவலரும் தேடுவார்.

இன்னொண்ணு, நேரம் இருக்கிற இளைஞர்களுக்கு. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் 'பாஷினி' திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. அதுல 'பாஷாதான்'னு ஒரு பகுதி இருக்கு, மொழிக்கொடைன்னு வெச்சுக்கலாம். தமிழைத் தேர்ந்தெடுத்து, காட்டுற வாக்கியத்தை உங்க குரல்ல வாசிச்சுப் பதிவு பண்ணலாம். ஒலியைக் கேட்டு எழுதலாம். மத்தவங்க செஞ்சது சரியான்னு பார்த்துச் சொல்லலாம். அங்க கயிறு கட்டுற வேலை இல்ல. ஆனா கயிறு கட்டுறதுக்கு முன்னாடி சொல் காதுல சரியா விழணுமே! அந்தச் சின்ன 'வ' விழணும்னா உங்களை மாதிரி மலைக்குரல்களும் அதுக்குப் பழகணும்.

தமிழ் ஆசிரியர்கள் இங்க இருக்கீங்க. உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எச்சம் நடத்தும்போது அஞ்சு பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் கயித்தைக் கொடுங்க. 'காய்ந்த மணி'க்குச் சிரிச்ச பிள்ளை பெயரெச்சத்தை மறக்காது. அதுங்கள்ல ஒண்ணு நாளைக்கு உட்கார்ந்து, பிராக் நகரத்துல கட்டின 600-க்கு மேல 6,000 கட்டலாம்.

அந்த அக்காவோட கட்டுரை பிறகு திருத்தி வெளியாச்சு. படிச்சுட்டு போன் பண்ணாங்க. "இப்ப சரியா இருக்கு தம்பி"ன்னாங்க. நான் திருத்தினது ஒரே ஒரு உருபு. பல வருஷமா தாயைத் தூக்கித் தூக்கி வலி எடுத்த அவங்க தோளு, அந்த உருபுக்குள்ளதான் இருந்தது. அதைத் தொலைக்காம எழுதுவோம். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிப்போம்.